ஆபரேஷன் இல்லாமல் இதய அடைப்பு சரியாகுமா? '35 நாள் மெஷின் சிகிச்சை' முதல் 14 மாத்திரை வரை: முழு விவரம்

அப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது. ஆஞ்சியோ எடுத்தாச்சு. ரிப்போர்ட்டில் '70 சதவீதம் அடைப்பு'. 'ஸ்டென்ட் வைக்கணும், எப்போ அட்மிட் ஆகறீங்க?' என்று மருத்துவமனையில் கேட்கிறார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், அங்கே வேறு குரல். 'கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஸ்டென்ட் இல்லை, பைபாஸ் இல்லை. 35 நாளில் அடைப்பு நீங்கும்!' ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா அதே வீடியோவை ஏற்கனவே ஃபார்வர்டு செய்திருக்கிறார்.

யார் சொல்வதைக் கேட்பது?

இந்தக் கேள்விக்கு இப்போது வேகம் கூடியிருக்கிறது. 2025 ஜூன் கடைசியில், கர்நாடகாவின் ஹாசன் மாவட்டத்தில் சுமார் 40 நாட்களில் 20க்கும் மேற்பட்டோர் மாரடைப்பால் இறந்ததாகச் செய்தி பரவியது ஞாபகம் இருக்கலாம். மைசூரு, பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனைகளில் செக்கப்புக்காகக் கூட்டம் அலைமோதியது. கொரோனா தடுப்பூசிதான் காரணம் என்ற பேச்சும் கூடவே கிளம்பியது. கர்நாடக அரசு அமைத்த நிபுணர் குழு ஆராய்ந்து, தடுப்பூசிக்கும் இந்த மரணங்களுக்கும் தொடர்பில்லை என்றும், வழக்கத்தை மீறிய அதிகரிப்பு எதுவும் இல்லை என்றும் அறிக்கை கொடுத்தது. அறிக்கை வந்தது, பயம் போகவில்லை. அந்தப் பயத்தோடு போனைத் தேய்ப்பவர்கள் கண்ணில்தான் 'ஆபரேஷன் இல்லாத சிகிச்சை' விளம்பரங்கள் படுகின்றன.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆபரேஷன் இல்லாமல் இதய நோயைச் சமாளிக்க முடியும் என்பது கட்டுக்கதை கிடையாது. பல ஆயிரம் நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வுகளே அதைச் சொல்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் வேலை செய்தது தினமும் போடுகிற மாத்திரையும், விட்ட சிகரெட்டும், நடந்த நடையும். அங்கே கிடைத்த நல்ல பெயரை எடுத்து, மெஷின் மேல் ஒட்டி விற்கிறார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

'அடைப்பு' வேறு, 'அட்டாக்' வேறு

நம்மில் பெரும்பாலானவர்கள் இதய ரத்தக்குழாயை வீட்டு வாஷ்பேசின் பைப் மாதிரி நினைக்கிறோம். அழுக்கு சேருது, சேருது, ஒருநாள் முழுசா அடைச்சுக்குது. அதைக் குத்தி எடுத்துட்டா சரியாப் போச்சு. பல டாக்டர்களும் அவசரத்தில் இப்படித்தான் படம் போட்டு விளக்குகிறார்கள். உண்மையில் கதை கொஞ்சம் வேறு.

கொழுப்பு குழாயின் உள்ளே மிதந்து வந்து அடைப்பதில்லை. குழாயின் சுவருக்குள் புகுந்து, வருடக்கணக்கில் திட்டாகச் சேர்கிறது. அந்தத் திட்டு மெதுவாகப் பெரிதாகிக் குழாயைக் குறுக்கினால், உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. வேகமாக நடந்தால், படி ஏறினால் நெஞ்சு இறுக்கும். நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். இதை 'ஆஞ்சைனா' என்பார்கள். மாதக்கணக்கில் ஒரே அளவில், ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தால் அது 'நிலையான' நெஞ்சுவலி.

மாரடைப்பு அப்படி இல்லை. அந்தத் திட்டின் மேல்தோல் திடீரென்று கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. சில நிமிடத்தில் குழாய் மூடிக்கொள்கிறது. அதற்கு அப்பால் இருக்கும் இதயத் தசை ரத்தம் கிடைக்காமல் சாகத் தொடங்குகிறது. இதில் பலருக்கும் தெரியாத ஒன்று: கிழிகிற திட்டு 80, 90 சதவீத அடைப்பாகத்தான் இருக்கும் என்பதில்லை. 30, 40 சதவீதம் மட்டுமே அடைத்திருக்கும் மெல்லிய தோல் கொண்ட திட்டும் கிழியலாம். 'போன மாசம்தான் டிரெட்மில் டெஸ்ட் நார்மல்னு வந்துச்சு, எப்படி அட்டாக் வந்துச்சு?' என்று குடும்பங்கள் அதிர்ந்து போவதற்குப் பின்னால் பல நேரம் இந்தக் காரணம் இருக்கிறது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் மற்றதெல்லாம் புரியும். அட்டாக் வந்தவருக்கு 'ஆபரேஷன் இல்லாத சிகிச்சை' என்ற பேச்சுக்கே இடமில்லை. குழாயை உடனே திறக்க வேண்டும். வசதி இருக்கும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து 90 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி, அது அருகில் இல்லை என்றால் உறைவைக் கரைக்கும் ஊசி. இதில் ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றுகிறது. அதில் மருத்துவ உலகில் சண்டையே இல்லை. சண்டை எல்லாம் முதல் வகைக்காரர்களைப் பற்றித்தான்.

மாத்திரைக்கும் ஸ்டென்ட்டுக்கும் நடந்த போட்டி

2007இல் 'கரேஜ்' என்ற ஆய்வு வெளியானபோது அமெரிக்க இதய மருத்துவ உலகமே ஆடிப்போனது. நிலையான நெஞ்சுவலி இருந்த 2,287 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நல்ல மாத்திரைகளும் வாழ்க்கைமுறை மாற்றமும். இன்னொரு பாதிக்கு அதே மாத்திரைகளோடு ஸ்டென்ட்டும். நாலரை வருடம் கழித்துப் பார்த்தால், மரணமும் மாரடைப்பும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு: ஸ்டென்ட் பக்கம் 19 சதவீதம், மாத்திரை பக்கம் 18.5.

'நீங்க எடுத்துக்கிட்டது லேசான கேஸ்கள்' என்று விமர்சனம் வந்தது. அதனால் இன்னும் பெரிதாக ஒன்றை நடத்தினார்கள். அதன் பெயர் 'இஸ்கீமியா'. இந்தியா உள்பட 37 நாடுகள், 5,179 நோயாளிகள். எல்லோருக்கும் சோதனையில் இதயத்துக்கு ரத்தம் குறைவது நன்றாகவே தெரிந்தது. 2020இல் முழு முடிவு வெளியானது. ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்த பிரிவில் இறந்தவர்கள் 145 பேர். முதலில் மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்த பிரிவில் 144 பேர். ஒரே ஒரு ஆள் வித்தியாசம்!

அப்போ ஸ்டென்ட் வேஸ்ட்டா? இல்லை. அடிக்கடி நெஞ்சுவலி வந்துகொண்டிருந்தவர்களுக்கு ஸ்டென்ட் வைத்த பின் வலி நன்றாகக் குறைந்தது, வாழ்க்கை இலகுவானது. 2023இல் வெளியான 'ஆர்பிட்டா 2' ஆய்வும் இதை உறுதி செய்தது. அதில் பாதிப் பேருக்கு நிஜ ஸ்டென்ட், பாதிப் பேருக்கு மயக்கத்தில் ஸ்டென்ட் வைப்பது போல் வெறும் நாடகம். யாருக்கு எது என்று நோயாளிக்கே தெரியாது. நெஞ்சுவலி மாத்திரை ஏதும் இல்லாத நிலையில், நிஜ ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது.

ஆக, நிலையான அடைப்பில் ஸ்டென்ட் என்பது வலிக்கான வைத்தியம். 'இதை வைக்கலைன்னா எந்த நேரத்திலும் போயிடுவார்' என்று சொல்லிப் பயமுறுத்தி, அன்று இரவே நகையை அடகு வைக்க ஓட வைப்பது எல்லா நிலையான நோயாளிக்கும் பொருந்தாது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்த ஆய்வுகளைக் காட்டி 'எனக்கும் ஸ்டென்ட் வேண்டாம்' என்று முடிவெடுக்கும் முன், யாரை அவர்கள் சேர்க்கவில்லை என்று பார்க்க வேண்டும். இடது பிரதான குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்கள், இதயத்தின் பம்ப் திறன் மிகவும் குறைந்தவர்கள், சமீபத்தில் அட்டாக் வந்தவர்கள், மாத்திரைக்கு அடங்காத கடுமையான வலி உள்ளவர்கள் 'இஸ்கீமியா' ஆய்வில் இல்லை. இவர்களுக்குக் கணக்கு வேறு. பைபாஸ் சிலருக்கு ஆயுளையே நீட்டிக்கும். உங்கள் அப்பா எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டியவர் இதய மருத்துவர். யூடியூப் சேனல் அல்ல.

சரி, அந்த மெஷின் என்னதான் செய்யுது?

விளம்பரங்களில் வரும் சிகிச்சையின் பெயர் ஈ.ஈ.சி.பி. மோசடி மெஷின் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க எஃப்.டி.ஏ. 1995லேயே ஆஞ்சைனாவுக்காக இதை அனுமதித்திருக்கிறது.

நோயாளி கட்டிலில் படுத்துக்கொள்வார். கெண்டைக்கால், தொடை, இடுப்புப் பகுதிகளைச் சுற்றி, பி.பி. பார்க்கும்போது கையில் சுற்றுவார்களே அதுமாதிரி பெரிய பட்டைகளைக் கட்டுவார்கள். ஈ.சி.ஜி.யோடு இணைத்து, இதயம் சுருங்கி முடித்து ஓய்வெடுக்கும் கணத்தில் பட்டைகள் கீழிருந்து மேலாகப் படபடவென்று இறுகும். காலில் இருக்கும் ரத்தம் மேலே தள்ளப்படும். இதயத்தின் சொந்தக் குழாய்களுக்கு ரத்தம் போவது பெரும்பாலும் இந்த ஓய்வுக் கணத்தில்தான் என்பதால், அங்கே கொஞ்சம் கூடுதல் ரத்தம் கிடைக்கும். அடுத்த துடிப்புக்குச் சற்று முன் பட்டைகள் தளர்ந்துவிடும், இதயத்துக்கு வேலை குறையும். தினம் ஒரு மணி நேரம், மொத்தம் 35 மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஏழு வாரம். அந்த '35' எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

பலன்? 1999இல் வெளியான 'மஸ்ட்' ஆய்வில் 139 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு முழு அழுத்தம், மீதிப் பேருக்குப் பெயருக்கு லேசான அழுத்தம். முழு அழுத்தம் பெற்றவர்களுக்கு நெஞ்சுவலி வரும் தடவைகள் குறைந்தன. டிரெட்மில்லில் நடக்கும்போது ஈ.சி.ஜி. மாற்றம் வரும் நேரம் தள்ளிப்போனது. ஆனால் மொத்தமாக எவ்வளவு நேரம் நடக்க முடிந்தது என்று பார்த்தால், இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கவனியுங்கள், 139 பேர். மேலே பார்த்த 'இஸ்கீமியா'வில் 5,179. அடைப்பு கரைந்தது என்றோ, மாரடைப்பு தடுக்கப்பட்டது என்றோ, ஆயுள் கூடியது என்றோ ஈ.ஈ.சி.பி.க்கு நம்பகமான பெரிய ஆய்வு எதுவும் நிரூபிக்கவில்லை. 'இயற்கை பைபாஸ்' என்று விளம்பரத்தில் சொல்வது, பக்கத்துச் சிறு குழாய்களில் ரத்த ஓட்டம் கூடும் என்பதை. சில சிறிய ஆய்வுகளில் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்து நிஜ பைபாஸுக்குச் சமம் என்று சொல்வது ரொம்ப தூரம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான 'நைஸ்', நிலையான ஆஞ்சைனாவுக்கு ஈ.ஈ.சி.பி. கொடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. ஐரோப்பிய வழிகாட்டுதல் கொஞ்சம் இறங்கி வந்து, மாத்திரை, ஸ்டென்ட், பைபாஸ் எதற்கும் அடங்காத வலி உள்ளவர்களுக்கு யோசித்துப் பார்க்கலாம் என்கிறது.

அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஏற்கனவே பைபாஸ் செய்து, மறுபடி அடைத்து, இனி எங்கும் ஸ்டென்ட் வைக்க இடமில்லை என்று கைவிரிக்கப்பட்ட 70 வயதுக்காரருக்கு, பாத்ரூம் வரை வலியில்லாமல் நடக்க முடிந்தால் அதுவே பெரிய விஷயம். அவருக்கு ஈ.ஈ.சி.பி. ஒரு வழி. முதன்முறை அடைப்பு தெரிந்த 48 வயதுக்காரர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு இதற்குப் போய்ப் படுப்பதுதான் ஆபத்து.

எல்லோரும் இதில் படுக்கவும் முடியாது. காலில் ரத்த உறைவு, அயோர்ட்டா வீக்கம், அயோர்ட்டா வால்வில் கடுமையான கசிவு, கட்டுப்படாத துடிப்புக் கோளாறு, கால் குழாய்களில் மோசமான அடைப்பு இருந்தால் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் கூடாது. எக்கோ எடுக்காமல், காலைப் பரிசோதிக்காமல், நேராகப் 'பேக்கேஜ்' பணத்தைக் கட்டச் சொல்லும் இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

'கீலேஷன்' டிரிப், 'அடைப்பைக் கரைக்கும்' டயட்

ஈ.ஈ.சி.பி.யோடு சேர்த்து விற்கப்படும் இன்னொன்று கீலேஷன். நரம்பு வழியாக மருந்தேற்றி, ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பைக் கழுவி எடுப்பதாகச் சொல்வார்கள். முதலில் நடந்த 'டாக்ட்' ஆய்வில், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளிடம், கொஞ்சம் பலன் தெரிந்ததால் ஆவல் கிளம்பியது. அதைச் சரிபார்க்கவே மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளை வைத்து இரண்டாவது ஆய்வு நடத்தினார்கள். 2024இல் முடிவு வந்தது. ரத்தத்தில் ஈயத்தின் அளவு குறைந்தது. மாரடைப்போ மரணமோ குறையவில்லை. அந்தக் கதை அத்தோடு முடிந்தது. விளம்பரம் மட்டும் முடியவில்லை.

டயட் விஷயம் கொஞ்சம் சுவாரஸ்யமானது. அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ் 1990இல் 48 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார். மிகக் குறைந்த கொழுப்புள்ள சைவ உணவு, தியானம், நடை, புகைக்கு முழுக்கு, குழுவாக உட்கார்ந்து பேசுவது. ஒரு வருடத்தில், இதைக் கடைப்பிடித்தவர்களின் சராசரி அடைப்பு 40 சதவீதத்திலிருந்து 37.8 ஆகக் குறைந்தது. மற்றவர்களுக்கு 42.7லிருந்து 46.1 ஆக ஏறியது. 'அடைப்பு கரையும்' என்று சொல்பவர்கள் எல்லோரும் காட்டும் ஆதாரம் இதுதான். பொய்யில்லை. ஆனால் எண்ணைப் பாருங்கள். ஒரு வருடக் கடும் விரதத்துக்குக் கிடைத்தது இரண்டே புள்ளி. 90 சதவீத அடைப்பு 35 நாளில் காணாமல் போகும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியென்றால் இத்தனை பாடு எதற்கு? திட்டு சுருங்குவதைவிட, அது கிழியாமல் இருப்பது முக்கியம். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். இறங்கும்போது திட்டின் உள்ளே இருக்கும் கொழுகொழுப்பும் அழற்சியும் குறைகிறது, மேல்தோல் கெட்டியாகிறது. ஆஞ்சியோ படத்தில் பெரிய மாற்றம் தெரியாது. அட்டாக் வரும் வாய்ப்பு மட்டும் குறைந்துகொண்டே வரும்.

நிஜமான 'ஆபரேஷன் இல்லாத சிகிச்சை' எது?

2004இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும், அதே அளவு ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டது. ஒன்பதே காரணங்கள் சேர்ந்து பத்தில் ஒன்பது பங்கு ஆபத்தை விளக்கிவிட்டன. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் சாப்பிடாதது, உடற்பயிற்சி இல்லாதது, மது தொடர்பான ஒன்று. அதே ஆய்வில் நமக்குக் கவலை தரும் ஒரு தகவல்: தெற்காசியர்களுக்கு முதல் அட்டாக் வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு சுமார் 59. நமக்கு ஆறு வருடம் முன்னாடியே வருகிறது. மகனுக்குக் கல்யாணம், மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் என்று குடும்பம் அந்த ஒருவரை நம்பியிருக்கும் வயது.

இந்த ஒன்பதில் எதற்கும் மெஷின் தேவையில்லை. புகையை விட்ட ஒரே வருடத்தில், இதய நோய் ஆபத்து புகைப்பவருக்கு இருப்பதில் பாதியாக இறங்குகிறது. இவ்வளவு வேகமாகப் பலன் தரும் சிகிச்சை வேறு எதுவும் கிடையாது, செலவும் மைனஸில். உப்பு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. சாம்பார், ரசத்தில் போடுவதை மட்டும் எண்ணாதீர்கள். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, டீக்கடை பஜ்ஜி எல்லாம் கணக்கில் வரும்.

அடுத்தது மாத்திரை. அட்டாக் வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் வகை, ஸ்டாட்டின், பி.பி. மாத்திரைகள், தேவைப்பட்டால் பீட்டா பிளாக்கர். எல்லாமே பழைய மருந்துகள், ஜெனரிக்கில் மலிவு, அரசு மருத்துவமனையில் இலவசம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மருந்து இருக்கிறது. சாப்பிடுகிறோமா?

17 நாடுகளில் நடந்த 'ப்யூர்' ஆய்வு 2011இல் சொன்ன பதில் அதிர்ச்சியானது. இந்தியாவையும் சேர்த்த குறைந்த வருமான நாடுகளில், ஏற்கனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் 80 சதவீதம் பேர் நிரூபிக்கப்பட்ட மருந்துகளில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. பணக்கார நாடுகளில் அது 11 சதவீதம்தான். ஸ்டென்ட் வைத்தாச்சு, சரியாப்போச்சு என்று மூன்றாவது மாதம் மாத்திரையை நிறுத்துகிறவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். வைத்த ஸ்டென்ட் அங்கேயே ரத்தம் உறைந்து மூடிக்கொள்ளும் ஆபத்து அவருக்கு இருக்கிறது.

நிறுத்துவதற்குச் சொல்லும் காரணங்களில் முதலிடம்: 'ஸ்டாட்டின் போட்டா உடம்பு வலிக்குது'. லண்டனில் 2020இல் வெளியான 'சாம்சன்' ஆய்வு இதை அழகாகச் சோதித்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேர். அவர்களுக்கு சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் அதேபோல் இருக்கும் போலி மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை. தினமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று போனில் மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவீதம், போலி மாத்திரை மாதங்களிலும் வந்தது! வலி கற்பனை என்று அர்த்தமில்லை, வலி நிஜம்தான். அதை உண்டாக்கியதில் பெரும்பங்கு மருந்துக்கு இல்லை, மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டதற்கு. சிலருக்கு நிஜமாகவே தசைப் பாதிப்பு வரும். அவர்களுக்கு அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்துவதுதான் தப்பு.

அட்டாக்குக்குப் பிறகு 'நல்லா ரெஸ்ட் எடுங்க' சரியா?

நம் வீடுகளில் அட்டாக் வந்து திரும்பியவரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்துக்கொள்வோம். கீழ்வீட்டுக்கு மாற்றிவிடுவோம், கடைக்கு அனுப்ப மாட்டோம். அன்புதான். ஆனால் சிக்கல் இல்லாமல் குணமாகி வருபவர் விஷயத்தில், இந்த அன்பு அவரைப் பலவீனமாக்குகிறது.

உலகம் முழுக்க இதற்கு 'கார்டியாக் ரீஹேப்' என்று தனிச் சிகிச்சையே இருக்கிறது. முதலில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பார்கள். பிறகு பயிற்சியாளர் கண் முன்னால், ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே நடை, சைக்கிள், லேசான எடை என்று வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. கூடவே உணவு ஆலோசனை, பயத்தைப் போக்கும் பேச்சு, எப்போது வண்டி ஓட்டலாம், எப்போது வேலைக்குப் போகலாம், தாம்பத்தியம் எப்போது என்று கேட்கத் தயங்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில். இப்படிப் பயிற்சி எடுத்தவர்களுக்கு இதய நோயால் மரணமும், மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த 'காக்ரேன்' மதிப்பீடு சொல்கிறது. கத்தி படாத இதய சிகிச்சை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். நம் ஊரில் பெரிய மருத்துவமனைகளைத் தாண்டினால் இது கிடைப்பதே அபூர்வம். விளம்பரமும் யாரும் கொடுப்பதில்லை.

இந்தியாவில் இதற்கு ஒரு மலிவான மாற்று தேடினார்கள். டாக்டர் துரைராஜ் பிரபாகரன் உள்ளிட்டோர் நடத்திய 'யோகா கேர்' ஆய்வில், 24 மருத்துவமனைகளைச் சேர்ந்த 3,959 மாரடைப்பு நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு 12 வாரத்தில் 13 யோகா வகுப்புகள். 2020இல் வெளியான முடிவு: பழைய வேலைகளுக்குத் திரும்புவதும், 'நல்லா இருக்கேன்' என்ற உணர்வும் யோகா பிரிவில் கூடியது. மரணம், மறு அட்டாக் போன்றவற்றில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் கிடைக்கவில்லை. யோகா அடைப்பை எடுக்கும் என்று சொல்பவர்களுக்கும், யோகா ஒன்றுக்கும் ஆகாது என்பவர்களுக்கும் இந்த ஆய்வு தோதாக இல்லை.

ரீஹேப் மையம் பக்கத்தில் இல்லாதவர்கள் என்ன செய்வது? டிஸ்சார்ஜ் ஆகும்போதே 'நான் எப்போதிலிருந்து, எவ்வளவு நடக்கலாம்' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சமதரையில் ஐந்து பத்து நிமிடத்தில் தொடங்கி, சில வாரங்களில் அரை மணி நேரத்துக்குப் போகலாம். வேகத்துக்கு ஒரு எளிய அளவுகோல்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும்.

செக்கப்புக்குப் போகிறீர்களா?

ஹாசன் மாதிரி செய்தி வந்ததும் ஓடிப்போய் ஈ.சி.ஜி. எடுத்து, 'நார்மல்' என்றதும் நிம்மதியாகத் திரும்புகிறவர்கள் நிறைய. படுத்த நிலையில் எடுக்கும் ஈ.சி.ஜி., உள்ளே திட்டு இருக்கிறதா என்று சொல்லாது. அறிகுறி இல்லாதவருக்கு முதலில் தேவை பி.பி., சர்க்கரை, கொழுப்பு, இடுப்பளவு. இந்த நாலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடிகிற வேலை.

நெஞ்சுவலி இருந்து, இதயம்தானா என்று சந்தேகம் இருப்பவர்களுக்கு சி.டி. ஆஞ்சியோ நல்ல வழி. கதீட்டர் நுழைக்காமல், கையில் ஊசி வழியாக மருந்து செலுத்தி எடுப்பது. ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஆய்வில், சி.டி. எடுத்த பிரிவில் ஐந்து வருடத்தில் இதய மரணமும் மாரடைப்பும் 2.3 சதவீதம், எடுக்காத பிரிவில் 3.9. கூடுதலாக ஸ்டென்ட் வைத்ததால் வந்த பலன் என்று நினைப்பீர்கள். ஐந்து வருடக் கணக்கில் இரு பிரிவிலும் ஸ்டென்ட், பைபாஸ் ஏறக்குறைய சமம். படத்தில் திட்டைப் பார்த்ததும் டாக்டர்கள் அதிகம் பேருக்கு ஸ்டாட்டின், ஆஸ்பிரின் தொடங்கினார்கள். அதுதான் வித்தியாசம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அந்த ஊசி மருந்து பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

'எனக்கு இருப்பது நிலையான நெஞ்சுவலியா, அட்டாக் வகையா?' இதுதான் முதல் கேள்வி. அடுத்து, 'இடது பிரதான குழாயில் அடைப்பு இருக்கா? பம்பிங் எவ்வளவு?' பிறகு, 'மாத்திரையை முழு அளவில் கொடுத்துச் சில வாரம் பார்க்கலாமா?' நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். இரண்டாவது கருத்து கேட்கப் போவதாக இருந்தால் ஆஞ்சியோ சி.டி.யை வாங்கிக்கொள்ளுங்கள், வெறும் ரிப்போர்ட் காகிதம் போதாது. ஸ்டென்ட் விலைக்கு 2017 முதல் மத்திய அரசின் உச்சவரம்பு இருக்கிறது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அப்போது நிர்ணயித்தது ரூ.29,600, பிறகு அவ்வப்போது மாறி வருகிறது. பில்லில் ஸ்டென்ட் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லலாம்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நேரம் இருப்பது நிலையான நோயாளிக்கு மட்டும்தான். இதுவரை நடந்தால் மட்டும் வந்த வலி உட்கார்ந்திருக்கும்போதே வந்தால், முன்பைவிட அடிக்கடி, அதிக நேரம் வந்தால், நின்ற பிறகும் விடாவிட்டால், இடது கை, தாடை, முதுகு என்று பரவி வியர்த்துக் கொட்டினால் அது வேறு வகைக்கு மாறிவிட்டது. பெண்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், திடீர்ச் சோர்வாகவும் வரலாம். 'வாயுப் பிடிப்பு' என்று சோடா, ஓமத் தண்ணீர் குடித்துப் பார்ப்பது, வாட்ஸ்அப்பில் வந்த மாதிரி தொடர்ந்து இருமிப் பார்ப்பது, விடியட்டும் என்று காத்திருப்பது எதுவும் வேண்டாம். பைக்கில் பின்னால் உட்காரவைத்தும் போக வேண்டாம், 108க்குக் கூப்பிடுங்கள்.

கிராமத்தில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசு 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அட்டாக்குக்கான முதல் மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14. அங்கே பரிசோதித்து, தேவை என்றால் இதைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அந்த நிலையம் எங்கே இருக்கிறது, இரவில் ஆள் இருப்பார்களா என்று இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.